பெல்ட் கட்டினால் பயந்தவனா? - மரமேறும் ஓர் அப்பாவும் மகளின் முதல் சம்பளமும்

"தேங்காய் பறிக்க ஆள் கிடைக்குமா?"

புதுச்சேரியில் வீட்டுக்குப் பின்னால் நாலு தென்னை வைத்திருப்பவர்கள் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை கேட்கும் கேள்வி இது. அரியாங்குப்பம் பக்கம் கேட்டால் பெரும்பாலும் ஒரே ஆளைத்தான் கை காட்டுவார்கள். வயது 52. பதினான்கு வயதில் அப்பாவோடு பனையேறப் போனவர். இப்போது தென்னைதான் அதிகம். டவுனில் இருக்கும் பழைய சொல்தா வீடுகள் முதல் தவளக்குப்பம் தோப்புகள் வரை அவர் கால் படாத மரம் குறைவு.

அவருடைய கருவிகள் மூன்றே மூன்று. காலில் மாட்டும் தளைக்கயிறு, இடுப்பில் செருகிய அரிவாள், ஒரு பழைய துண்டு. பாதுகாப்பு பற்றி யாராவது கேட்டால் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவார். "இதுதான் பெல்ட்டு."

புயலுக்குப் பிறகு வந்த பயம்

2011 டிசம்பர் 30 காலையில் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல், தோப்பு தோப்பாகத் தென்னைகளைச் சாய்த்துவிட்டுப் போனது. 2024 நவம்பர் 30 இரவில் புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல், ஊரையே தண்ணீரில் மிதக்கவிட்டது. ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் மரமேறிகளுக்கு ஓய்வே இருக்காது. முறிந்து தொங்கும் மட்டைகளை வீட்டுக் கூரைமேல் விழுவதற்கு முன் இறக்கியாக வேண்டும். ஈரம் காயாத மரம், பாசி பிடித்த தண்டு, ஆடிக்கொண்டிருக்கும் உச்சி. ஆனாலும் "இன்னைக்கே ஏறிடுங்கண்ணே" என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள்.

அப்படி ஒரு மழை நாளில்தான் அவருடைய மச்சான் விழுந்தார். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் முதுகெலும்பில் அடி. அதற்குப் பிறகு அவர் மரத்தடிக்கே வரவில்லை. அந்த வீட்டில் அக்கா பூ கட்டி விற்கிறார்.

நாற்பது அடி உயரத்திலிருந்து விழும் ஒருவர் ஏறக்குறைய ஒன்றரை விநாடியில் தரையைத் தொடுகிறார். அப்போது அவர் வேகம் மணிக்கு 55 கிலோமீட்டர். ஓடும் பைக்கிலிருந்து நேராகச் சுவரில் மோதுவது மாதிரி. நெஞ்சுரம் எவ்வளவு இருந்தாலும் ஒன்றரை விநாடிக்குள் செய்ய ஒன்றுமில்லை.

மான் வேட்டைக்காரரின் வீடியோ

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தது அவருடைய மகள். தனியார் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கியதும் அம்மாவுக்குப் புடவை எடுத்தாள். அப்பாவுக்கு ஒரு பார்சல் வந்தது. தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் சுற்றிப் பிடிக்கும் பாதுகாப்பு பெல்ட்.

"இன்னாம்மா இது, மாட்டுக்குக் கட்டற கயிறு மாதிரி இருக்குது? இதைக் கட்டிக்கிட்டு ஏறினா தோப்புல நாலு பேரு சிரிப்பான்."

பெல்ட் பரணுக்குப் போனது. மகள் விடவில்லை. ஒருநாள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போனை நீட்டினாள். அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகும் ஒருவர் மரமேறும் வீடியோ. நம் நாட்டில் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. அங்கே அது உரிமம் வாங்கிச் செய்யும் பொழுதுபோக்கு. மரத்தில் ஏறி உட்கார்ந்து மணிக்கணக்கில் காத்திருப்பார்கள்.

மானைப் பற்றி அப்பாவுக்கு அக்கறையில்லை. அவர் கண் மரத்தில் இருந்தது. இரண்டு பக்கமும் கால் வைக்கப் படி உள்ள குட்டைத் தடிகளை, ஒன்றன்மேல் ஒன்றாக வாரால் மரத்தோடு இறுக்கிக் கட்டி ஏறினார் அந்த ஆள்.

"அட, நம்ம கண்ணேணிதான் இது!" என்றார்.

சரிதான். கணுக்களைப் படியாக விட்டுச் சீவிய ஒற்றை மூங்கில்தான் கண்ணேணி. மலைத்தேன் எடுப்பவர்கள் அதை வைத்து ஏறியதைச் சங்க இலக்கியமே 'மால்பு' என்று குறிப்பிடுகிறது. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துப் பனையேறிகள் மரத்தில் சாய்த்து வைத்து முதல் அடி எடுக்கும் முருக்குத்தடியும் அதே குடும்பம்தான். தடி நமக்குப் புதிதில்லை. பெல்ட்தான் புதிது.

அவர் வீடியோவை மறுபடி ஓடவிட்டார். "தரையிலேயே கயிறை மரத்தைச் சுத்திக் கட்டிட்டுத்தானே முதல் காலே வைக்கிறான்?"

"ஆமாம்ப்பா. ஏறும்போதும் இறங்கும்போதும்தான் நிறைய பேர் விழறாங்களாம். மேல போய்க் கட்டிக்கலாம்னு நினைச்சா அதுக்குள்ள விழுந்துடுவாங்க."

அவர் பதில் சொல்லவில்லை. மச்சான் விழுந்ததும் இறங்கும்போதுதான்.

மரமேறி கற்றுக்கொண்ட மரமேற்றம்

மறுநாள் பெல்ட் பரணிலிருந்து இறங்கியது. முதல் ஒரு வாரம் வீட்டு வாசலில் இருக்கும் மரத்தில், பத்தடி உயரத்தில் மட்டும் பழகினார். பிறகு அவரே சில விதிகளை வகுத்துக்கொண்டார். மரமேறும் எவருக்கும் அவை பொருந்தும்.

* கயிறு தண்டைச் சுற்றித்தான் இருக்க வேண்டும். மட்டையிலோ குலையிலோ கட்டக் கூடாது. காய்ந்த மட்டை எப்போது கழன்று வரும் என்று மரத்துக்கே தெரியாது.

* கயிற்றில் தொய்வு கூடாது. ஏற ஏறக் கயிற்றையும் மேலே நகர்த்த வேண்டும். தொய்வு அதிகமானால் விழும் தூரமும் உடம்பில் விழும் அடியும் அதிகமாகும்.

* தடை ஏதாவது வந்து கயிற்றை அவிழ்க்க வேண்டியிருந்தால், இரண்டாவது கயிற்றைக் கட்டிய பிறகே முதல் கயிற்றை அவிழ்க்க வேண்டும்.

* இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட் போதாது. விழும்போது மொத்த எடையும் இடுப்பிலும் முதுகிலும் இறங்கும். முழு உடல் பெல்ட்தான் பாதுகாப்பு. தலைக்கு ஹெல்மெட்டும் வேண்டும்.

* அரிவாளைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறக் கூடாது. மேலே போய்க் கட்டிக்கொண்ட பிறகு, உறையோடு கயிற்றில் இழுத்துக்கொள்ளலாம்.

* வெயிலில் கிடந்து வெளுத்த பெல்ட், தையல் பிரிந்த பெல்ட் வேண்டாம். ஒருமுறை விழுந்தவரைத் தாங்கிய பெல்ட்டையும் திரும்பப் பயன்படுத்தக் கூடாது.

* மரத்தடியில் இருந்து சற்றுத் தள்ளி ஓர் ஆள் நிற்க வேண்டும். பெல்ட்டில் அசையாமல் தொங்கினால் ரத்தம் கால்களில் தேங்கும். சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். சீக்கிரம் இறக்க வேண்டும்.

* மின்கம்பி உரசும் மரம் என்றால் மின்துறைக்குச் சொல்லி இணைப்பைத் துண்டிக்கும் வரை ஏறக் கூடாது.

தண்டில் அரிவாளால் படி வெட்டி ஏறும் பழக்கத்தையும் அவர் விட்டுவிட்டார். மற்ற மரங்களைப் போலத் தென்னையின் தண்டில் காயம் மூடாது. வெட்டு அப்படியே இருக்கும். அந்த வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும். ஏறுபவருக்கும் ஆபத்து, மரத்துக்கும் ஆபத்து.

ஏறத் தெரியாதவருக்கும் வழி

கேரளத்தில் கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த ஜோசப் வடிவமைத்த தென்னை ஏறும் கருவி இன்று பல மாநிலங்களில் புழங்குகிறது. இரண்டு கால்களுக்கும் தனித்தனிப் படி. தண்டைச் சுற்றிய இரும்புக் கயிறு, எடை விழும்போது இறுகும், காலைத் தூக்கும்போது தளரும். கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் தொடங்கிய 'தென்னை மர நண்பர்கள்' பயிற்சியில் இந்தக் கருவியோடு ஏறப் பழகியவர்களில் பெண்களும் நிறைய உண்டு. மரமேறிகளுக்காக 'கேர சுரக்ஷா' என்ற விபத்துக் காப்பீட்டையும் வாரியம் வைத்திருக்கிறது. பிரீமியத்தின் பெரும்பகுதியை வாரியமே ஏற்கிறது.

புதுச்சேரியில் இந்தத் தொழில் அழிந்துவிடவில்லை. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. யூனியன் பிரதேசமான புதுச்சேரியில் கள்ளுக்கடைகள் உண்டு. பனையும் தென்னையும் ஏற ஆள் வேண்டும். ஆனால் ஏறுபவரின் பாதுகாப்பு அவரவர் பாடு என்றே விடப்பட்டிருக்கிறது. கூலி பேசும்போது மரத்துக்கு எவ்வளவு என்று கேட்கிறோம். பெல்ட் இருக்கிறதா, மழை விட்ட பிறகு வரலாமா என்று யாரும் கேட்பதில்லை.

விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பதும் வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆளைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். தண்ணீர் கொடுக்காதீர்கள். கழுத்தும் முதுகும் அசையாமல் அப்படியே படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். பதற்றத்தில் கைகால் பிடித்து ஆட்டோவில் ஏற்றுவதில்தான் பல முதுகெலும்புகள் முழுதாகக் கெடுகின்றன.

தோப்பில் நாலு பேர் சிரிக்கத்தான் செய்தார்கள். ஒரு மாதம் சிரித்தார்கள். பிறகு அவர்களில் ஒரு பையன் தனியாக வந்து, "மாமா, அந்தப் பெல்ட்டு எங்க கிடைக்கும்?" என்று கேட்டான். அவர் மகளின் நம்பரைக் கொடுத்தார்.