விளைவது ஓரூரில், தின்பது வேறூரில்

விருதுநகரைச் சுற்றி இருப்பது வானம் பார்த்த பூமி. மிளகாய், பருத்தி, கொஞ்சம் பயறு வகை. மழை ஏமாற்றினால் அதுவும் இல்லை. ஆனாலும் தென்மாவட்டத்து மளிகைக் கடைக்காரர்கள் காலையில் நாளிதழைப் பிரித்து ‘விருதுநகர் மார்க்கெட் நிலவரம்’ பார்த்துவிட்டுத்தான் பருப்புக்கும் எண்ணெய்க்கும் விலை சொல்வார்கள். அங்கே மூட்டையாக அடுக்கியிருக்கும் துவரை மியான்மரிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் வருகிறது. பட்டாணி கனடாவிலிருந்து வரும். பாமாயில் இந்தோனேசியாவும் மலேசியாவும் தருவது. 2022 ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை மூன்று வாரத்துக்கு மேல் நிறுத்தி வைத்தது. ஜகார்த்தாவில் எடுத்த அந்த முடிவு விருதுநகரின் பரோட்டாக் கல்லில் வந்து சுட்டது. எண்ணெயில் மூழ்கவைத்துப் பொரித்தெடுக்கும் பரோட்டாதானே இந்த ஊரின் பெருமை! அதற்கான மைதாவும் இந்த மண்ணின் விளைச்சல் இல்லை.

விளைவதும் தின்பதும் இப்படிப் பிரிந்து கிடப்பதைப் பார்க்க, இங்கிருந்து கொல்லத்துக்குப் போகும் ரயிலில் ஏறலாம். அந்தப் பாதை இரண்டு காலத்தில் போட்டது. மேற்கே கொல்லத்திலிருந்து மலையைக் குடைந்து செங்கோட்டைக்கு 1904-இலேயே ரயில் வந்துவிட்டது. விருதுநகர்–தென்காசிப் பாதை 1927-இல்தான் வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகிலும் வலப்பக்கம் கூடவே வருகிறது. ஆனால் அதன் மழை கூட வருவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று ஈரத்தையெல்லாம் அந்தப் பக்கமே இறக்கிவிடுகிறது.

சிவகாசியில் வெடி, தீப்பெட்டி, அச்சு. வெள்ளாமை பொய்த்ததால் பிழைப்புக்கு வேறு வழி தேடிய ஊர். ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தத் தேடல் மாட்டுத் தொழுவத்தில் முடிந்தது. நெல் இல்லாத இடத்திலும் இரண்டு மாடு தினமும் கையில் காசு தரும். ஆனால் பால் பொழுது சாய்வதற்குள் கெட்டுவிடும். அதைச் சர்க்கரை போட்டுச் சுண்டக் காய்ச்சினால் நாலு நாள் தாங்கும், ரயிலேறி ஊர் போகும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவின் கதை சுருக்கமாக இவ்வளவுதான். கறக்கிற வீட்டுப் பிள்ளையின் தம்ளருக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்று எந்தக் குறியீடும் கேட்பதில்லை.

ராஜபாளையத்தின் மாந்தோப்பையும் தென்னந்தோப்பையும் ஜன்னலோரம் பார்த்துக்கொண்டே தாண்டிவிடலாம். மலையை ஒட்டிய வரிசையில் மட்டும் பச்சை. கிழக்கே திரும்பினால் மறுபடி கரிசல். அந்தக் கரிசலின் விளிம்பில்தான் சங்கரன்கோவில்.

சங்கரநாராயணர் கோயில், கோமதி அம்மன், ஆடித்தபசுத் திருவிழா. இத்தனை பக்தி உள்ள ஊருக்கு வெளியூர்க்காரர்கள் ரயிலிறங்கி வரும் இன்னொரு காரணம் மட்டன் பிரியாணி. இதில் முரண் எதுவும் எனக்குத் தெரியவில்லை. பிரியாணியின் ருசிக்குச் சமையல்காரரின் கைப்பக்குவத்தைச் சொல்வார்கள், அரிசியைச் சொல்வார்கள். ஆட்டை யாரும் சொல்வதில்லை. சங்கரன்கோவில், கோவில்பட்டி, சிவகாசிப் பக்கத்துச் சொந்த இனம் கன்னி ஆடு. கறுத்த உடம்பில் முகத்திலும் காலிலும் வெள்ளைக் கோடு ஓடினால் பால்கன்னி, செம்பழுப்புக் கோடு ஓடினால் செங்கன்னி. நெல்லுக்கு ஆகாத தரிசில் வேலிக்கருவைக் காயும் முள்செடித் தழையும் தின்று வளரும் பிராணி அது. வறண்ட மண் சோறு போடாவிட்டாலும் கறி போடும். அந்தக் கறியை வாரம் ஒருமுறை வாங்கித் தின்ன முடிகிறவர் யார் என்பது வேறு கணக்கு. விசைத்தறியில் நாளெல்லாம் நின்று சேலை நெய்கிறவருக்கு நின்றபடியே தின்ன இரண்டு வடையும் ஒரு டீயும் போதும் என்று ஆகிவிடுகிறது. நேரமும் கூலியும் சேர்ந்து முடிவு செய்வதை ‘அவருக்கு அதுதான் பிடிக்கும்’ என்று நாம் சொல்லிக்கொள்கிறோம்.

சுற்றியுள்ள குருவிகுளம், திருவேங்கடம் பக்கம் கம்பும் சோளமும் குதிரைவாலியும் விளைந்த காடுகளில் இப்போது மக்காச்சோளம் நிற்கிறது. அதை இங்கே யாரும் சோறாக்குவதில்லை. அது கோழித் தீவனம். நாமக்கல் பண்ணைகள் தின்கின்றன. அந்த நாமக்கல்லிலிருந்துதான் அரசுப் பள்ளிச் சத்துணவுக்கு முட்டை வருகிறது. ஆக, இந்த மண்ணின் தானியம் கோழி வயிற்றுக்குள் ஒரு சுற்றுப் போய் மதியத் தட்டில் முட்டையாகத் திரும்பக்கூடும். 1956-இல் காமராசர் எட்டயபுரத்தில் தொடங்கிய மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, 2022-இல் வந்த காலை உணவு: கரிசல் காட்டுப் பிள்ளைகள் என்ன தின்கிறார்கள் என்பதை மழையை விட அதிகம் மாற்றியவை இவை என்பேன்.

சத்துணவுக்கு அடுத்தது ரேஷன். கம்பங்கூழ் அன்றாடமாகவும் நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்குமாகவும் இருந்ததைச் சொல்லும் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். ரேஷன் அரிசி 2008-இல் கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூனிலிருந்து விலையே இல்லை என்றானபிறகு, கம்பை இடித்துப் புடைத்துக் கொழித்து உலையில் போட எந்தப் பெண்ணுக்குக் கை வரும்? அந்த உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் ‘சிறுதானியத்தை மறந்துவிட்டோமே’ என்று அங்கலாய்ப்பவர்கள் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை இல்லை. குதிரைவாலி அழகான பொட்டலத்தில் பொன்னி அரிசியை விட அதிக விலைக்குத் திரும்பி வந்திருக்கிறது. ஏழைக்கு அது இப்போது எட்டாத உணவு. ரேஷன் அரிசிக்கும் ஒரு மானப் பிரச்சினை உண்டு. அதை இட்லிக்கு ஊறப்போடுவார்கள். விருந்தாளி வந்தால் கடையில் வாங்கிய அரிசிதான் உலை ஏறும்.

அடுத்து வருவது பாம்புக்கோவில் சந்தை. சந்தையின் பெயரிலேயே ஒரு நிலையம். புளியங்குடிக்குப் போகிறவர்கள் இங்கே இறங்கலாம். அங்கே எலுமிச்சைதான் எல்லாம். கோடையில் சர்பத் கடைகள் கேட்கும் விலையும் அடைமழையில் கேட்க ஆளில்லாத விலையும் ஒரே மரத்துக் காய்க்குத்தான்.

கடையநல்லூரில் நிலம் மாறுகிறது. கருப்பாநதி அணைத் தண்ணீர், கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல். இந்த ஊரின் நெசவாளிகள் ஒரு காலத்தில் கூட்டமாகச் சிங்கப்பூர் போனார்கள். 1941-இல் அங்கே கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்று சங்கமே வைத்தார்கள். அடுத்த ஆண்டு ஜப்பான்காரன் சிங்கப்பூரையும் பர்மாவையும் பிடித்தான். அரிசிக் கப்பல் நின்றது. சிங்கப்பூரில் மரவள்ளிக் கிழங்கு தின்றார்கள். இந்த ரயில் பாதையின் மறுமுனையில் இருந்த திருவிதாங்கூரும் பர்மா அரிசியை நம்பியிருந்த நாடுதான். அங்கேயும் அதே கிழங்கு, கப்பை என்ற பெயரில். விசாகம் திருநாள் மகாராஜா பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அதைப் பயிரிடச் சொல்லிப் பரப்பியிருந்ததால் உயிர் பிழைத்தவர்கள் பலர். இன்று மீன்குழம்போடு ‘கேரளா ஸ்பெஷல்’ என்று மெனு அட்டையில் இருப்பது ஒரு பஞ்சகாலத்துத் தட்டு.

தென்காசி தாண்டிச் செங்கோட்டைக்குள் நுழைகையில் ஆனி, ஆடியில் சாரல் முகத்தில் அடிக்கும். மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்த 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூர்–கொச்சிச் சீமை. பழைய எல்லையில் இருந்த பிரானூர் இன்னும் ‘பார்டர்’தான்; குற்றாலம் வருகிறவர்கள் கோழியும் பரோட்டாவும் தின்ன அங்கே வரிசையில் நிற்கிறார்கள். உண்மையான எல்லை இப்போது புளியரைக்கு மேலே. தென்காசி மாவட்டத்துக் காய்கறி லாரிகள் அதைத் தாண்டித்தான் கேரளம் போகின்றன. ஓணம் நெருங்கினால் அங்கே தேவை ஏறும், இங்கே வீட்டுக்காரி வெண்டைக்காயின் விலை கேட்டுவிட்டுக் கீரைக்கட்டோடு திரும்புவாள். அதே சாலையில் ரேஷன் அரிசியும் கடத்திப்போய்ச் சிக்கியிருக்கிறது, அடிக்கடி. இங்கே இலவசம், அங்கே காசு. இடையில் ஒரு சோதனைச் சாவடி. இப்படி ஒரு விலை வித்தியாசம் இருக்கும்வரை சாவடியால் என்ன செய்ய முடியும்?

மலைப் பகுதியில் ரயில் 2010-இல் நின்று, அகலப்பாதையாகி 2018-இல்தான் மறுபடி ஓடியது. பதிமூன்று கண் பாலத்தைப் பார்க்கச் சுற்றுலாக்காரர்கள் கூட்டம். எனக்குச் சரக்கு வண்டிகளின் ஞாபகம்தான். ஒரு காலத்தில் தமிழ்ச்சீமைக்கும் கொல்லம் துறைக்கும் இடையே இந்த வழியாகத்தான் சரக்கு போய் வந்தது.

கொல்லத்தின் சரக்கு முந்திரி. அதிலும் பெரும்பகுதி ஆப்பிரிக்காவிலிருந்து கொட்டையாக வந்து இறங்கி, பெண்கள் உட்கார்ந்து தட்டி உடைத்து, தோல் உரித்து, கையால் தரம் பிரிப்பது. உடையாத வெள்ளைப் பருப்பு தரவரிசையில் மேலே போகும், கப்பலேறும். இரண்டாகப் பிளந்ததற்கு ஒரு விலை, நொறுங்கியதற்கு இன்னொரு விலை. சங்கரன்கோவில் மளிகைக் கடையில் ஐம்பது கிராம் கேட்டால் பாயசத்துக்குப் பொட்டலம் கட்டித் தருவது அந்த நொறுங்கலைத்தான்.