மோட்டாரைத் தூக்கறதுக்கு முன்னாடி

போன மாசம் சேலம் போயிட்டுத் திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் எங்க பழைய டீசல் கார் திணற ஆரம்பித்தது. மூன்றாவது கியரில் சாதாரணமா ஏறுற வண்டி, இரண்டாவதிலும் முக்கியது. பின்னால் ஒரே கரும்புகை. லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டிப் போனார்கள்.

ஒர்க் ஷாப்பில் நிறுத்தி வைத்து ஓடவிட்டுப் பார்த்து, "டர்போ போச்சுங்க. புதுசு மாத்த 40,000 ஆகும்" என்றார்கள். நிலக்கடலை விதைக்கும் உரத்துக்கும் எடுத்து வைத்திருந்த பணம் ஏறக்குறைய அவ்வளவுதான். வண்டி இல்லாம ஆகாதேன்னு சம்மதிக்கவே போயிட்டேன். வீட்டம்மாதான், "இதுவும் போர் மோட்டார் கதையா ஆயிடப் போகுது, பாத்துக்கோங்க" என்றாள்.

அந்தக் கதை இதுதான். போன வருஷம் கடைசி வயலுக்குத் தண்ணி எட்டலைன்னு போரில் இருந்து மோட்டாரைத் தூக்கினேன். கூலி மட்டும் 6,000 ரூபாய். மோட்டார் நல்லாத்தான் இருந்தது. மண்ணுக்குள்ள பைப் ஜாயிண்ட் விட்டிருந்தது.

யோசித்தால் டர்போவும் ஒரு பம்புதான். இன்ஜின் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுற்றும். அதே தண்டில் இருக்கும் இன்னொரு சக்கரம் காற்றை அழுத்தி, ரப்பர் ஹோஸ் வழியா இன்டர்கூலருக்கும், அங்கிருந்து இன்ஜினுக்கும் தள்ளும். வழியில் கசிந்தால் டீசலுக்கேற்ற காற்று கிடைக்காது. புகை கறுக்கும், இழுவை போகும்.

முதலில் ஏர் ஃபில்டரைப் பார்த்தேன், சுத்தம். இன்ஜின் ஆறியதும் டர்போவுக்குப் போகும் ஹோஸைக் கழற்றி, சக்கரத்தை விரலால் சுற்றினேன். பக்கவாட்டில் இம்மியளவு ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னும் ஆடக் கூடாது, இறக்கை சுவரில் உரசக் கூடாது. இரண்டுமே இல்லை.

ஹோஸைத் திரும்ப மாட்டி, ஃபில்டர் பக்க வாயை மட்டும் சொட்டுநீருக்கு வாங்கி மிச்சமிருந்த பிவிசி எண்ட் கேப்பால் அடைத்தேன். கேப்பில் ஓட்டை போட்டு ஒரு டயர் வால்வு. அந்த ஹோஸில் வந்து சேரும் சின்னக் குழாயையும் அடைத்தாச்சு. பஞ்சர் கடை கம்ப்ரசரில் 10 பிஎஸ்ஐ மட்டும் ஏற்றினோம், அதுக்கு மேல போனா சீல் கெடலாம். கைத்தெளிப்பானில் சோப்புத் தண்ணி அடித்ததும் இன்டர்கூலர் ஹோஸின் அடிப்பக்கம் நுரை பொங்கியது. துடைத்துப் பார்த்தால் விரல் நீள விரிசல். எண்ணெய்ப் பிசுக்கில் செம்மண் அப்பி மறைந்திருந்தது.

ஒர்க் ஷாப்காரரை ஏமாற்றுக்காரர்னு சொல்ல மாட்டேன். நின்ற இடத்தில் ஓடும்போது டர்போ பெரிசா அழுத்தம் தராது, விரிசல் மூடியே கிடக்கும். ஏற்றத்தில் மிதித்தால்தான் வாய் திறக்கும்.

புது ஹோஸ் 1,400 ரூபாய். மறுவாரம் அதே ஏற்றம், மூன்றாவது கியர், புகை இல்லை.

கடலை விதை நேத்து வந்து இறங்கியாச்சு. இனி மழைதான் வரணும்.