கூழும் தொன்னையும்

தருமபுரிப் பக்கத்துக் கிராமத்தில் எங்கள் பாட்டி இருந்தவரை கோடைக்குக் கூழ்தான். முந்தைய இரவே ராகி மாவைக் கரைத்துப் புளிக்க விடுவார். மறுநாள் நொய்யை வேகவைத்து, புளித்த மாவை அதில் ஊற்றி, ஈரக்கையால் தொட்டால் ஒட்டாத பதம் வரும்வரை கிண்டுவார். ஆறியபின் மோரும் உப்பும் சேர்த்துக் கரைத்தால் கூழ். கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயமும் மாங்காய்க் கீற்றும். மந்தாரை இலையைத் தென்னை ஈர்க்கால் தைத்த தொன்னையில் ஊற்றித் தருவார்.

எங்களுக்கோ அது வெட்கம். நெல்லுச்சோறும் பிளாஸ்டிக் டம்ளருமே நாகரிகம் என்று நம்பியிருந்தோம். பள்ளித் தோழர்கள் வந்தால் முகம் சுருங்குவோம். பாட்டி ஒன்றும் சொன்னதில்லை. பானையைத் தாமே உள்ளே நகர்த்தி வைத்துவிடுவார்.

2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களில் 14 வகைகளுக்குத் தமிழக அரசு தடை விதித்தது. 2023இல் தருமபுரி, நீலகிரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி தரும் திட்டம் தொடங்கியது. நாங்கள் மதித்தது விலக்கப்பட்டது. ஒளித்துவைத்தது திரும்பி வந்தது. பாட்டிதான் இல்லை.

சென்ற கோடையில் நாங்களே கூழ் காய்ச்சினோம். நாக்கு நினைவில் வைத்திருந்த பதம் வந்துவிட்டது. தொன்னைதான் வரவில்லை. காய்ந்த இலையில் நீர் தெளித்து இளக்க வேண்டும் என்பதுவரை தெரிகிறது. ஈர்க்கை எங்கே குத்தி எங்கே ஒடித்தார் என்று எங்களில் ஒருவரும் பார்த்து வைக்கவில்லை. மடிப்பில் ஒழுகியது. ஒழுகி முடிவதற்குள் குடித்துவிட்டு, அடுத்த இலையை எடுத்தோம்.