தாங்காத தாங்கி

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று பழைய மாணவர் சங்கத்தார் எழுதிய வேளையில், எமது மேசைமீது ஒரு விளையாட்டுத் தாங்கி உடைந்து கிடந்தது. கல்லூரி நாட்களைப் பற்றி வழக்கமான நினைவுகளை எழுதவே முதலில் எண்ணினோம். ஆனால் அத்தாங்கியைத் திருத்தப் புகுந்த கதையிலே எமது பழைய ஆசிரியர் ஒருவர் அழையாமலே வந்து சேர்ந்துவிட்டார். ஆதலின் அக்கதையையே எழுதத் துணிந்தோம். முதுமையில் விளையாட்டுப் பொருளா என்று நகைக்கும் நண்பர்கள், இறுதிவரை படித்தபின் நகைப்பார்களாக.

நாம் இப்பொழுது இங்கிலாந்தில் மகளின் இல்லத்தில் வாழ்கின்றோம். பன்னிரண்டு வயதுப் பேரன், ஓராண்டுக் கைச்செலவுப் பணத்தைச் சேமித்து, வானொலி அலையால் இயங்கும் மாதிரித் தாங்கி ஒன்றை வாங்கினான். அஃது இரண்டாம் உலகப் போரிலே ஜேர்மனியர் 1942 இல் களமிறக்கிய ரைகர் என்னும் தாங்கியின் பதினாறில் ஒரு பங்கு அளவினது. யுத்த ஆண்டுகளில் மெய்யான தாங்கியின் சங்கிலி வீதியை அரைத்துச் சென்ற ஓசையைக் கேட்டவர்கள் நாம். அதனால் அப்பொருளைத் தொடவும் எமக்கு மனம் வரவில்லை. அவனோ, "சண்டைக்கில்லை அம்மப்பா, எப்பிடி ஓடுதெண்டு பாக்கத்தான்" என்றான். அறிய விரும்பும் பிள்ளையிடம் முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல் முறையன்று என்று கண்டு அருகில் அமர்ந்தோம்.

தாங்கி என்ற பெயரே வேடிக்கையானது. முதலாம் உலகப் போரில், கட்டப்படுவது இன்னதென்று பகைவர் அறியாதிருக்கும் பொருட்டு, ஆங்கிலேயர் அதற்கு நீர்த் தாங்கியின் பெயரைச் சூட்டினர். 1916 செப்டெம்பர் 15 ஆம் நாள் பிரான்சின் சொம் போர்க்களத்தில் அது முதன்முதல் வெளிப்பட்டது. மறைவுக்காக இட்ட பெயர் நிலைத்துவிட்டது. நம்மவரும் அதனைத் தாங்கி என்றே வழங்குகின்றனர். தமிழிலே அச்சொல்லுக்குச் சுமையைப் பொறுப்பது என்பது பொருள். எம் பேரனது தாங்கியோ எதனையும் பொறுப்பதாக இல்லை.

முதற் சில நாட்கள் அது நன்றாகவே ஓடியது. பின்னர் அவன் பிளாஸ்ரிக் சங்கிலிகளைக் கழற்றிவிட்டு உலோகச் சங்கிலிகளைப் பூட்டினான். அன்று தொடங்கியது நோய். நேரே செல்லும்போது உடல் நடுங்கும். நின்ற இடத்திலே திரும்பினால் பக்கச்சுவர்கள் உள்வளையும். சங்கிலி கழன்று விழும். மூன்றாம் வாரத்தில், பற்சில்லுப் பெட்டியைத் தாங்கிய திருகாணியின் அடியிலே மயிரிழைபோல் ஒரு வெடிப்புக் கண்டது.

"வலிமை போதாது, தடிப்பைக் கூட்டுவோம்" என்று நாம் தீர்ப்பளித்தோம். ஒரு மில்லிமீற்றர் உருக்குத் தகடுகளை வெட்டி, அடியிலும் இரு பக்கங்களிலும் அரால்டைட் பூசி ஒட்டினோம். ஏறத்தாழ 700 கிராம் பாரம் ஏறியது. பேரன் மிக நம்பிக்கையோடு அதனைத் தோட்டத்திற்கு எடுத்துச் சென்றான். புல்லின்மேல் இரண்டாம் முறை திரும்பியபோது தகடுகள் தோல் உரிவதுபோல் உரிந்தன. பற்சில்லு ஒன்றின் பற்கள் சிதைந்தன. அவன் ஒன்றும் சொல்லவில்லை. தாங்கியைத் தூக்கி வந்து எமது மேசைமீது வைத்துவிட்டுப் போய்விட்டான். ஒரு சொல் சினந்திருந்தால் எமக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. அப்போதுதான் எமது பிரயோக கணித ஆசிரியர் நினைவுக்கு வந்தார். ஒருநாள் அவர் வெறுமையான வெண்கட்டிப் பெட்டி ஒன்றை எடுத்து, மூடியை அகற்றி, இரு முனைகளையும் பிடித்து முறுக்கினார். அது துணிபோல் முறுகியது. பின்னர் மூடியை நாற்புறமும் பசையிட்டு ஒட்டி, கடைசி வாங்கிலிருந்த எம்மை அழைத்து முறுக்கச் சொன்னார். எம்மால் இயலவில்லை. "மட்டை அதே மட்டைதான், எங்கே புதிதாய் வலிமை வந்தது?" என்று கேட்டார். நாம் விழித்தோம். "கணக்கைத் தொடமுன், விசை எங்கே புகுந்து எவ்வழியே போகிறது என்று பார்" என்று சொல்லி அனுப்பினார். சோதனையிற் சித்தியடைந்தோம், பாடத்தை மறந்தோம்.

காலையில் விசையின் வழியைத் தேடினோம். சங்கிலியின் இழுவை முன்சில்லையும் பின்சில்லையும் ஒன்றையொன்று நோக்கி இழுக்கின்றது. அச்சுகள் சுவருக்கு வெளியே நீண்டிருப்பதால் அவ்விழுவை சுவரையே நெம்புகின்றது. நின்ற இடத்தில் திரும்பும்போது ஒரு சங்கிலி முன்னும் மற்றது பின்னும் ஓடுவதால் முழு உடலும் சரிகின்றது, முறுகுகின்றது. அவ்வுடலோ மேற்புறம் திறந்த பெட்டி. மேற்கூடு சில திருகாணிகளால் மட்டும் பற்றப்பட்டிருந்தது. மெய்யான ரைகரில் ஒன்றோடொன்று கோத்து உருக்கி ஒட்டிய தகடுகளும், இயந்திர அறையைப் பிரிக்கும் குறுக்குச் சுவரும் உண்டு. அதன் முன்தகட்டின் 100 மில்லிமீற்றர்த் தடிப்பைப் பலரும் வியப்பர். ஆனால் அது குண்டைத் தடுக்க இட்டது. உடல் முறுகாதிருப்பதற்கு, அது மூடிய பெட்டியாயிருத்தலே பெருங் காரணம்.

எடையும் எம் மாதிரியின் பகையன்று. கலிலியோ 1638 இல் வெளியிட்ட நூலிற் காட்டியபடி, அளவு பதினாறில் ஒன்றாகக் குறைந்தால் வலிமை 256 இல் ஒன்றாகவும் எடை 4096 இல் ஒன்றாகவும் குறையும். ரைகரின் 57 தொன் அக்கணக்கில் 14 கிலோகிராமாகும். எம் மாதிரியோ 4 கிலோகிராம் அளவே. குறை வேறு. உருக்கோடு ஒப்பிட்டால் இவ்வகைப் பிளாஸ்ரிக் ஏறத்தாழ நூறு மடங்கு எளிதில் வளையும். ஓரிடத்திற் குவியும் விசைக்கு முதலில் இடங்கொடுக்கும்.

பேரனை அழைத்து, தவறு எம்முடையது என்று சொன்னோம். பின்னர் இருவருமாகத் தொடங்கினோம். வெடிப்பின் நுனியில் 2 மில்லிமீற்றர்த் துளை ஒன்று இட்டோம். நுனி மழுங்கினால் வெடிப்பு மேலும் ஓடுவது அரிது. திருகாணி பிடிக்கும் இடத்தின் அடியில் சிறு அலுமினியத் தகடு வைத்து விசையைப் பரப்பினோம். முன்னே பற்சில்லுப் பெட்டிகளுக்குப் பின்னும், பின்னே அச்சுகளுக்கு இடையிலும், சுவருக்குச் சுவர் அலுமினிய மூலைச் சட்டம் ஒவ்வொன்றைக் குறுக்கே இட்டுச் சுரையாணியால் இறுக்கினோம். மேலே, பற்றறி மாற்றுவதற்கு மட்டும் வாயில் விட்டு, பிளாஸ்ரிக் தகடொன்றைச் சுற்றிவரத் திருகிப் பெட்டியை மூடினோம். ஒட்டும் இடங்களை இம்முறை அரத்தாளாற் சுரண்டி, மதுசாரத்தால் துடைத்து, ஒரு முழுநாள் இறுக விட்டோம். பழுதான பற்சில்லுக்குப் புதியது பூட்டினோம். கூடிய பாரம் 150 கிராமிலும் குறைவு.

மறுநாள் அத்தாங்கி புல்லிலும் சரளையிலும் திரும்பித் திரும்பி ஓடியது. சங்கிலி கழலவில்லை. பேரன் அதனை இரு கைகளாலும் பிடித்து முறுக்கிப் பார்த்தான், முறுகவில்லை. "இது ஆர் சொல்லித் தந்தது அம்மப்பா?" என்றான். "எங்கட கணக்கு மாஸ்ரர்" என்றோம். "அவருக்கு ஒரு படம் அனுப்புவமே?" என்றான். அவர் மறைந்து பல்லாண்டுகள் ஆயின என்று அவனுக்குச் சொன்னோம்.

கல்லூரியும் ஒரு கூடுதான். பழைய மாணவர் ஒரு சுவராகவும் இன்றைய மாணவர் எதிர்ச்சுவராகவும் நிற்கின்றோம். சுவர்களைத் தடிப்பாக்கப் பணம் அனுப்புகின்றோம், அது நன்றே. ஆயினும் சுவருக்குச் சுவர் குறுக்கே நின்று இரண்டையும் பிணைத்தவர்கள் ஆசிரியர்களே. அப்பிணைப்பு இருக்குமட்டும் கல்லூரி முறுகாது.

அன்று அந்த வெண்கட்டிப் பெட்டியை முறுக்க முடியாமல் நின்ற கடைசி வாங்கு மாணவனின் விடை, மிகவும் பிந்தியேனும், இக்கட்டுரை வாயிலாக அவருக்குச் சமர்ப்பிக்கப்படுகின்றது. எமது கல்லூரி நீடு வாழ்க.