பெட்ரோல் டியூபும் ஒரு துண்டு சைக்கிள் ரப்பரும்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியலை. ஆபீஸ்ல ஆணி அதிகம். போன வாரம் ஊருக்குப் போயிருந்தப்ப ஒரு மேட்டர் நடந்தது. எழுதலைன்னா மனசு ஆறாது. நடுவுல கொஞ்சம் டெக்னிக்கலா இருக்கும், பொறுத்துக்குங்க மக்களே.

நமக்கு ஊர் வாலாஜாபாத். காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவுல, பாலாத்தங்கரை. (ராணிப்பேட்டை பக்கத்துல இருக்கிற வாலாஜா வேற. இதை எத்தனை பேருக்குத்தான் சொல்றது!) அப்பாவுக்குப் பட்டு நெசவு. நெய்த சேலையை மஞ்சப்பையில வெச்சுக்கிட்டு காஞ்சிபுரம் போய்க் கொடுத்துட்டு வருவார். பல நேரம் பின்னாடி அம்மாவும் இருப்பாங்க. வண்டி, கார்புரேட்டர் காலத்து நூறு சிசி பைக்.

தீபாவளிக்குப் போனப்ப அந்த வண்டியோட பெட்ரோல் டியூப் வெடிச்சுப் போயிருந்தது. "மெக்கானிக் எதுக்கு? நான் இஞ்சினியர்ல!"ன்னு கெளம்பினேன். படிச்சது கம்ப்யூட்டர் சயின்ஸ்ங்கிறது அந்த நேரத்துல ஞாபகம் வரலை. ஹார்டுவேர் கடையில கண்ணாடி மாதிரி ஒரு டியூப் தொங்கிச்சு. உள்ள பெட்ரோல் ஓடறது தெரியும், வெலையும் கம்மி. ஒரு அடி வாங்கி, சுடுதண்ணியில முக்கி மாட்டி, ஸ்க்ரூ கிளிப் போட்டு பலம் கொண்ட மட்டும் முறுக்கினேன். அப்பா பக்கத்துல நின்னு பெருமையா பாத்துக்கிட்டு இருந்தார்.

இந்தத் தடவை வாசல்ல கால் வெச்சதுமே பெட்ரோல் வாடை. குனிஞ்சு பாத்தேன். நான் போட்ட டியூப் மஞ்சளாகி, வெயில்ல காஞ்ச வத்தல் மாதிரி விறைச்சுக் கெடக்கு. டேப் கிட்ட, சரியா நான் கிளிப் முறுக்கின எடத்துல, சைக்கிள் டியூப் ரப்பரைக் கிழிச்சு சுத்தியிருக்கு. அதுக்குக் கீழதான் சூடான இஞ்சின்.

"எத்தினி நாளா இப்பிடிப்பா?"

"இருவது நாளு இருக்கும். வண்டிய நிறுத்தினா டேப்ப மூடிடுவேன். ஒண்ணும் ஆவல."

"மெக்கானிக்காண்ட காட்டியிருக்கலாம்ல?"

"நீ ஆசையா போட்டது. அவன் புடுங்கிட்டு, எவன்யா இத போட்டான்னு கேப்பான்."

எனக்குப் பேச்சே வரலை. இருவது நாள். அதுல எத்தனை நாள் அம்மா பின்னாடி உட்கார்ந்து போனாங்களோ.

வண்டியைத் தள்ளிக்கிட்டே மெக்கானிக் கிட்ட போனோம். அப்பா சொன்னது அச்சரம் பெசகாம நடந்தது. "எவன்யா இத போட்டான்?"

கையைத் தூக்கினேன். அண்ணன் சிரிச்சுட்டு பாடம் எடுத்தார். அது தண்ணி டியூப் தம்பி, பெட்ரோலுக்கு இல்ல. அந்த பிளாஸ்டிக்கை வளைய வைக்கிற எண்ணெயை பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமா இழுத்துடும். அப்புறம் விறைப்பாகி ஒடையும். ஸ்க்ரூ கிளிப்பை இந்த மெல்லிசு டியூப்ல முறுக்கினா அதோட விளிம்பே அறுத்துடும், இதுக்கு ஸ்பிரிங் கிளிப்தான். நிப்பிள்ல ஒரு மேடு இருக்கும், டியூப் அதைத் தாண்டிப் போகணும், கிளிப் மேட்டுக்குப் பின்னாடி உட்காரணும். சைஸுக்குப் பழைய துண்டையும் எடுத்துட்டுப் போகணும். லூசான டியூபைக் கிளிப்பால சரிக்கட்டக் கூடாது.

இப்ப இன்னொரு விஷயமும் சேர்ந்திருக்கு. 2023ல ஈ20 பெட்ரோல் வந்துச்சு இல்லையா, அதுல 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் சிலது எத்தனால்ல ஊறி உப்பும், பொறவு வெடிக்கும். அதனால மீட்டர் கணக்குல வாங்கினா டியூப் மேல என்ன அச்சடிச்சிருக்குன்னு படிக்கணும். ராத்திரி உட்கார்ந்து தேடினேன். எஸ்ஏஇ ஜே30ன்னு ஒரு அளவுகோல். ஆர்6, ஆர்7 எல்லாம் கார்புரேட்டர் மாதிரி கம்மி பிரஷருக்கு. ஆர்9 இஞ்ஜெக்ஷன் வண்டிக்கு, உள்ள ஃப்ளோரோ ரப்பர் பூச்சு இருக்கும். 2020ல பிஎஸ்6 வந்தப்புறம் புது பைக் பெரும்பாலும் இஞ்ஜெக்ஷன்தான். அதுல பெட்ரோல் சுமார் 3 பார் அழுத்தத்துல வரும். அங்க நான் செஞ்ச வேலையைச் செஞ்சா சொட்டாது, பீய்ச்சி அடிக்கும். அந்த வண்டிக்குக் கம்பெனி டியூப், கம்பெனி கிளிப். வேற பேச்சே கிடையாது.

ஆபீஸ்ல ஒரு லைப்ரரி சேர்க்க வெர்ஷன் நம்பரை மூணு தடவை பாக்கறவன், அப்பா உட்கார்ற வண்டிக்கு டியூபோட அழகைப் பார்த்து வாங்கியிருக்கேன்.

திரும்பி வர்றப்ப அப்பா சொன்னார்: "சேலையில ஒடம்பு நல்லா இருக்கும், கரையும் நல்லா இருக்கும். ரெண்டும் சேர்ற கோர்வையிலதான்டா நெசவே இருக்கு. அது விட்டா சேலை போச்சு. வண்டியும் அப்பிடித்தான் போல."

கோவமா ஒரு வார்த்தை திட்டியிருந்தாக்கூட தேவலை.

அந்த சைக்கிள் ரப்பர் துண்டை சென்னைக்கு எடுத்துட்டு வந்துட்டேன். மானிட்டர் பக்கத்துல இருக்கு. இன்னும் லேசா பெட்ரோல் வாடை.

டிஸ்கி: வீட்டுல பழைய வண்டி இருந்தா, இஞ்சின் ஆறினதும் டியூபை விரலால அமுக்கிப் பாருங்க. விறைப்பா இருந்தாலோ, கோடு கோடா வெடிச்சிருந்தாலோ, வாடை வந்தாலோ அன்னிக்கே மெக்கானிக் கிட்ட போங்க. அப்பா கிட்டயும் ஒரு வார்த்தை கேளுங்க. அவங்களா சொல்ல மாட்டாங்க.