மின்மினி ஊரிலிருந்து மலையடிவாரம் வரை

கோல சிலாங்கூர் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது கம்போங் குவாந்தான் மின்மினிகளும் ஆற்றோரக் கடைகளின் மீன் சாப்பாடும்தான். மாலையில் கோலாலம்பூரிலிருந்து கிளம்பி, படகேறி, சாப்பிட்டுவிட்டு இரவே வீடு திரும்பிவிடலாம். இந்த முறை நானும் அக்கா மகனும் காலையிலேயே போனோம். அங்கிருந்து பெஸ்தாரி ஜெயா, பத்து ஆராங், ரவாங், பத்தாங் காலி, கோலகுபு பாரு என்று கிழக்கே மலையடிவாரம் வரை போவதாகத் திட்டம். மொத்தமே நூறு கிலோமீட்டருக்குள்தான். ஆனால் 1948 முதல் 1960 வரை இந்த நாட்டை உலுக்கிய அவசரகாலத்தின் முக்கியமான பக்கங்கள் பல இந்தச் சாலையோரம்தான் கிடக்கின்றன.

அக்கா மகனுக்கு பெட்டாலிங் ஜெயாவில் மென்பொருள் வேலை. பள்ளிப் பாடத்தில் 'டாருராட்' என்று படித்ததோடு சரி.

புக்கிட் மெலாவத்தியில் லூத்தோங் குரங்குகளுக்கு நடுவே ஏறினால், ஆறு கடலில் கலக்கும் இடம் தெரியும். 1784-இல் டச்சுக்காரர்கள் பிடித்த இந்தக் குன்றை மறு ஆண்டே சுல்தான் இப்ராஹிம் மீட்டார். பீரங்கிகளைப் பார்த்துவிட்டு புக்கிட் ரோத்தான் பக்கம் இறங்கினால் இருபுறமும் செம்பனை. பெஸ்தாரி ஜெயா அருகில் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. இந்நாட்டில் வணிகத்துக்காகச் செம்பனை முதன்முதலில் பயிரானது 1917-இல் இங்கேதான். நட்டவர் ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். அந்தக் காலத்தில் சுற்றுவட்டாரம் எங்கும் ரப்பர். பால்மரம் வெட்டியவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள்.

இன்று லயங்கள் பலவும் இடிந்துவிட்டன. கோயில்கள் நிற்கின்றன. அங்கே வாழ்ந்தவர்கள் அரசாங்கத்திடமும் துரைகளிடமும் என்ன கேட்டார்கள் என்பதற்கு 1941-இல் நடந்த கிள்ளான் வேலைநிறுத்தம் சாட்சி. சீனத் தொழிலாளருக்கு இணையான சம்பளம் வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். முக்கியமான கோரிக்கைகளில் சில இவை. கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிய போராட்டம் சிலாங்கூரின் பிற தோட்டங்களுக்கும் பரவியது. பதில் என்ன? தலைவர் ஆர்.எச். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். ராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள்.

மரியாதையாகக் கேட்டும் குண்டு கிடைத்த அந்த அனுபவத்தை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனால்தான் கதை புரியும்.

பத்து ஆராங் ஒரு பழைய நிலக்கரி ஊர். சுரங்கம் 1915 முதல் 1960 வரை ஓடியது. செங்கல் சூளைகளின் மிச்சத்தை இன்றும் பார்க்கலாம். ஜப்பானியர் காலத்தில் காட்டிலிருந்து போராடிய மலாயா கம்யூனிஸ்ட் கட்சிக்கு ஆங்கிலேயரே ஆயுதம் கொடுத்தார்கள். கட்சித் தலைவர் சின் பெங்கிற்குப் பதக்கமும் கிடைத்தது. போர் முடிந்ததும் கட்சி வெளிப்படையாக இயங்கியது. தொழிற்சங்கங்களில் அதன் கை ஓங்கியது. 1948 மார்ச்சில் கட்சி ஆயுதப் போராட்டத்தின் பக்கம் திரும்ப முடிவெடுத்தது. ஜூன் நடுவில் அரசாங்கம் சட்டத்தைத் திருத்தி, கட்சியின் செல்வாக்கில் இருந்த அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தை முடக்கியது. இரு தரப்பும் கதவை ஒரே நேரத்தில் சாத்தின.

ஜூன் 16 அன்று பேராக்கில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜூன் 18-க்குள் அவசரகாலம் நாடு முழுவதற்கும் வந்துவிட்டது. அந்தக் கொலைகளுக்கு மேலிடத்தின் உத்தரவு இல்லை என்று சின் பெங் பின்னாளில் தம் நூலில் எழுதினார். இது கவனிக்க வேண்டிய செய்தி. துப்பாக்கியைத் தூக்கலாம் என்று ஒரு இயக்கம் முடிவெடுத்துவிட்டால், யாரைச் சுடுவது என்பதை அதன் தலைவரால்கூடத் தீர்மானிக்க முடிவதில்லை. அடுத்த மாதமே ஆயுதம் ஏந்தியவர்கள் பத்து ஆராங்கில் புகுந்து இயந்திரங்களைச் சேதப்படுத்தினார்கள், ஆட்களையும் கொன்றார்கள்.

தோட்டத்து மக்கள் பாடு இரண்டு பக்கமும் இடி. என் பாட்டி இந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில் வாழ்ந்தவர். இரவில் காட்டிலிருந்து வந்து அரிசியும் சந்தாவும் கேட்பார்களாம். கொடுத்தால் போலீஸ் பிடிக்கும். கொடுக்காவிட்டால் 'காட்டிக் கொடுப்பவன்' என்ற பெயர் வரும். அந்தப் பெயர் வந்தவன் பிழைப்பது அரிது. விடியற்காலை வேலைக்குப் போகும்போது முள்வேலி வாசலில் காண்டா வாளிவரை சோதனை நடக்கும். ஒரு பிடி சோறுகூட வெளியே போகக் கூடாது. பாட்டியின் அண்ணனுடைய அடையாள அட்டையைக் காட்டில் இருந்தவர்கள் பிடுங்கிக் கிழித்துவிட்டார்கள். அட்டை இல்லாதவனை அரசாங்கம் சந்தேகப்பட்டது. தொழிலாளிக்காகத்தான் இத்தனையும் என்று இரு தரப்பும் சொன்னதுதான் வேடிக்கை.

அங்கிருந்து ரவாங். எஸ்.ஏ. கணபதி 1949 மார்ச் 1 அன்று பிடிபட்டது இங்குள்ள வாட்டர்ஃபால் தோட்டத்துப் பக்கம். தஞ்சை மாவட்டத்துத் தம்பிக்கோட்டையில் பிறந்தவர். நேதாஜியின் ராணுவத்தில் இருந்தவர். முடக்கப்பட்ட சம்மேளனத்தின் தலைவர். கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்தார் என்பது வழக்கு. யாரையும் சுட்டதாகக் குற்றச்சாட்டு இல்லை. நேருவின் அரசு கேட்டுக்கொண்டும் பயனில்லை. மே 4-இல் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள்.

கார் செரண்டாவைத் தாண்டும்போது அக்கா மகன் கேட்டான்: "மாமா, அப்படின்னா அரசாங்கத்தை எதிர்த்தாலே தீவிரவாதியா?"

"இல்லப்பா. அடுத்த ரெண்டு ஊரையும் பாத்துட்டு நீயே சொல்லு" என்றேன்.

பத்தாங் காலியில் பெரிய நினைவுச் சின்னத்தைத் தேட வேண்டாம். 1948 டிசம்பரில் அருகிலிருந்த ரப்பர் தோட்டம் ஒன்றில் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் ஆயுதமற்ற 24 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். எல்லாரும் சீனர்கள். தப்பி ஓட முயன்ற கொள்ளையர்கள் என்று அப்போது சொல்லப்பட்டது. குடும்பத்தார் பல்லாண்டு போராடியும், பொது விசாரணை நடத்த பிரிட்டிஷ் அரசு கடமைப்படவில்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2015-இல் முடிவாகச் சொல்லிவிட்டது. அரசாங்கம் சட்டத்தை மீறினால், 'இனிப் பேசிப் பயனில்லை' என்று காட்டுக்கு அழைப்பவனின் வேலை சுலபமாகிவிடுகிறது.

கோலகுபு பாரு அழகான ஊர். அங்கிருந்து பிரேசர் மலைக்கு ஏறும் வளைவுச் சாலையில்தான் 1951 அக்டோபர் 6 அன்று பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னியைப் பதுங்கியிருந்து சுட்டார்கள். இயக்கத்துக்கு அதைவிடப் பெரிய வெற்றி வாய்த்ததில்லை. ஆனால் அதே மாதம் கட்சித் தலைமை வெளியிட்ட தீர்மானங்களைப் படித்தால் வேறு உண்மை தெரியும். ரப்பர் மரங்களை வெட்டிப் பாழாக்குவது, அடையாள அட்டைகளைப் பறிப்பது, பேருந்துகளை எரிப்பது, ரயிலைக் கவிழ்ப்பது போன்றவை மக்களைத்தான் வதைக்கின்றன. இனி நிறுத்துங்கள் என்று சொந்தத் தோழர்களுக்கே எழுதினார்கள். மூன்று ஆண்டு ரத்தத்துக்குப் பிறகு வந்த ஞானம். அதன் பிறகும் சண்டை ஓயவில்லை. 1955 பாலிங் பேச்சும் முறிந்தது. 1960 ஜூலை 31-இல் அவசரகாலம் முடிந்தபோது கொல்லப்பட்ட பொதுமக்கள் ஏறத்தாழ 2,500. காணாமல் போனவர்கள் 800-க்கும் மேல். கட்சி முறையாக ஆயுதத்தைக் கீழே வைத்தது 1989 டிசம்பரில், ஹட்யாய் உடன்படிக்கையில்.

இந்தக் கேள்வி பழங்கதை இல்லை. தற்காப்புக் கலைக் கூட்டமாகத் தொடங்கிய அல்-மவுனா, அரசைக் கவிழ்க்கும் எண்ணத்தோடு 2000 ஜூலையில் பேராக்கில் இரண்டு ராணுவ முகாம்களில் ஆயுதங்களைக் கொள்ளையடித்தது. சௌக் குன்றில் அவர்கள் பிடித்து வைத்துக் கொன்றவர்களில் ஒருவர் நம்மவரான போலீஸ்காரர் ஆர். சகாதேவன். இன்னொருவர் சரவாக்கைச் சேர்ந்த ராணுவ வீரர். எதிரி அரசாங்கம் என்றார்கள். செத்தது மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்த இரண்டு பேர்.

இதற்கு எதிர்ப்புறத்தில் 2007 நவம்பர் 25 இருக்கிறது. இண்ட்ராஃப் அழைப்பை ஏற்று, தோட்டம் விட்டு வந்த குடும்பங்கள் பலவும் உட்பட, ஆயிரக்கணக்கானோர் கோலாலம்பூர் வீதிகளில் திரண்டார்கள். கண்ணீர்ப் புகையும் தண்ணீர்ப் பீய்ச்சலும் வந்தன. தலைவர்கள் ஐவரை விசாரணையின்றி உள்ளே போட்டார்கள். பயங்கரவாதத் தொடர்பு என்ற சொல்லும் அவர்கள்மேல் வீசப்பட்டது. ஆனால் 2008 மார்ச் தேர்தலில், அந்த ஐவரில் ஒருவரான எம். மனோகரன் சிறையிலிருந்தபடியே சிலாங்கூரின் கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியில் வென்றார். மாநில ஆட்சியே மாறியது. கோபம் அதே கோபம்தான். ஆனால் அது வாக்குப்பெட்டி வழியாகப் போனது.

கோலகுபு பாருவில் காப்பி குடிக்கும்போது அக்கா மகன் தானாகச் சொன்னான்: "கோபப்படுறது தப்பில்ல மாமா. நம்ம பக்கம் நிக்காதவன் எல்லாம் துரோகின்னு எப்போ முடிவு பண்றோமோ, அங்கதான் கெட்டுப் போகுது." நான் சேர்க்க நினைத்தது ஒன்றுதான்: கோபத்துக்குக் காது கொடுக்காத அரசாங்கமும் அந்தப் பாதைக்குக் கல் பாவுகிறது.

பிள்ளைகளோடு போகிறவர்கள் காலை எட்டு மணிக்குக் கோல சிலாங்கூரில் தொடங்கினால் மதியத்துக்குள் கோலகுபு பாரு வந்துவிடலாம். வீட்டில் தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர் இருந்தால் அவரை முன் இருக்கையில் உட்கார வையுங்கள். வழிகாட்டிப் பலகையில் இல்லாத ஊர்ப் பெயர்கள் அவருக்குத் தெரியும். அந்த முள்வேலிக்குள் இருந்தவர்கள் என்ன பட்டார்கள் என்பதையும் அவரே சொல்வார்.