ஹீமோகுளோபின் 12 இருந்தா கிட்னி ஃபெயிலியரா?

1/ இஜிஎஃப்ஆர் 90, ஹீமோகுளோபின் 12. கிட்னி நல்லா இருக்கற இந்த ஆளை கம்ப்யூட்டர் 'கிட்னி மோசம்' லிஸ்ட்ல சேர்த்துடும். நோயாளிப் பதிவுகள்ல தேட ஃபில்டர் எழுதற எல்லாரும் இதைத் தெரிஞ்சுக்கணும். கோடிங் தெரியாதவங்களும் படிக்கலாம்.

2/ தேவை இதுதான். சர்க்கரைக்குக் கொடுக்கற மெட்ஃபார்மின் சிறுநீரகம் வழியா வெளியேறும். சிறுநீரகத்தோட வடிகட்டும் திறனைக் காட்டற இஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழ போனா இந்த மாத்திரை கூடாது. ரத்தத்துல லாக்டிக் அமிலம் சேர்ற ஆபத்து உண்டு. அப்படிப்பட்டவங்களைத் தேடிக் கூப்பிட்டு மருந்தை மாத்தணும்.

3/ பதிவு டப்பாக்குள்ள டப்பா மாதிரி. நோயாளிக்குள்ள விசிட்கள், விசிட்டுக்குள்ள டெஸ்ட்கள், ஒவ்வொரு டெஸ்ட்டுக்குள்ளயும் பெயர், மதிப்பு.

4/ ஸ்க்ரீன்ல நான் எந்த நிபந்தனையைத் தேர்ந்தெடுக்கறேனோ அதை வச்சு கோட் அப்பவே ஃபில்டர் கட்டணும். எல்லாருக்கும் முதல்ல தோணற வழி: ஒவ்வொண்ணையும் தனியா எழுதி நடுவுல 'அண்ட்' போடறது. 'டெஸ்ட் பெயர் இஜிஎஃப்ஆர்' அண்ட் 'டெஸ்ட் மதிப்பு 30-க்குக் கீழ்'.

5/ இப்போ நம்ம ஆளைப் பாருங்க. இஜிஎஃப்ஆர்னு ஒரு டெஸ்ட் இருக்கா? இருக்கு. 30-க்குக் கீழ ஒரு மதிப்பு இருக்கா? இருக்கு, ஹீமோகுளோபின் 12. முடிஞ்சது கதை! ரெண்டு டெஸ்ட்டும் எடுத்த கிட்டத்தட்ட எல்லாரும் லிஸ்ட்ல வருவாங்க. நிஜமா ஆபத்துல இருக்கறவர் அந்தக் கூட்டத்துல தொலைஞ்சு போவார்.

6/ ரெண்டு நிபந்தனையும் ஒரே டெஸ்ட்டுக்குப் பொருந்தணும்னு டேட்டாபேஸ்கிட்ட தெளிவா சொல்லணும். மாங்கோடிபியில இதுக்கு 'எலெம்மேட்ச்', எலாஸ்டிக்சர்ச்ல 'நெஸ்டட்', எஸ்க்யூஎல்-ல 'எக்ஸிஸ்ட்ஸ்'.

7/ அப்போ டெஸ்ட் பத்தின நிபந்தனை எல்லாத்தையும் கோடே ஒரே மூட்டையா கட்டிடலாமா? அதுவும் ஆகாது. 'இஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழ, ஹீமோகுளோபின் 10-க்குக் கீழ'ன்னு கேட்டா, ஒரே டெஸ்ட்டுக்கு ரெண்டு பெயர் இருக்காதே! லிஸ்ட் காலி. இது இன்னும் மோசம், எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு நாம நம்பிடுவோம்.

8/ எது எதோட சேரும்ங்கறதை கோட் ஊகிக்கக் கூடாது. ஸ்க்ரீன்ல ஒரு வரின்னா ஒரு டெஸ்ட். பெயரும் மதிப்பும் அந்த வரிக்குள்ளயே. ஒவ்வொரு வரியும் தனி மூட்டை, மூட்டைகளுக்கு நடுவுலதான் 'அண்ட்'.

9/ இன்னொண்ணு. டெஸ்ட்டே எடுக்காதவர் இந்த லிஸ்ட்ல வரவே மாட்டார். 'நார்மல்' வேற, 'எடுக்கலை' வேற. அவங்களுக்குத் தனி லிஸ்ட் வேணும்.

10/ எந்த ஃபில்டர் எழுதினாலும் நான் முதல்ல மூணு கற்பனை நோயாளிகளை உள்ள போடுவேன். இஜிஎஃப்ஆர் 90, ஹீமோகுளோபின் 12: வரக் கூடாது. இஜிஎஃப்ஆர் 25, ஹீமோகுளோபின் 12: வரணும். இஜிஎஃப்ஆர் எடுக்கவே இல்லை: தனி லிஸ்ட். மூணு பேரும் சரியான இடத்துல வந்தாத்தான் நிஜ நோயாளிகள் பக்கம் போறது.